அண்ணன் பக்கத்தில் நின்ற கார்

எண்பதுகளின் போட்டோ ஆல்பம் எந்த வீட்டில் இருந்தாலும் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். புத்தூரோ, உறையூரோ, பாலக்கரையோ, அந்த வீட்டிலிருந்து ஒருவர் அரபு நாட்டுக்குப் போயிருந்தால் இந்தப் படம் கட்டாயம் இருக்கும். பெரிய கார் ஒன்று. அதன் பானெட்டில் ஒரு கையை ஊன்றி நம்மவர். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பின்னால் வெயிலைத் தவிர ஒன்றும் இருக்காது. அந்தக் கார் யாருடையது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. 1984இல் தம்மாமில் எடுத்தது. என் அண்ணன் அங்கே ஓர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அவர் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. அந்தப் படம் இன்னும் அண்ணி வீட்டு ஹாலில், காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பேரன் பேத்திகள் எல்லாருக்கும் அது "தாத்தா கார்".

போன வருஷம் அண்ணன் மகன் சிங்கப்பூர் போய்விட்டு வந்தவன் ஒரு அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்தான். "சித்தப்பா, அப்பாவோட கார். நெட்ல தேடிக் கண்டுபிடிச்சேன். நீங்கதான் செஞ்சு தரணும்" என்றான். விலை ஒட்டியிருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. அப்பன் மாதிரியே பிள்ளை.

உள்ளே இருந்தது 24இல் ஒரு பங்கு அளவில் ஒரு பிளாஸ்டிக் கார், துண்டு துண்டாக. டொயோட்டா செலிகா XX. 1981இல் ஜப்பானில் வந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். நீட்டமான மூக்கு, ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில், 2759 சிசி. விளக்குகள் பானெட்டுக்குள் படுத்திருக்கும். ஸ்விட்சைப் போட்டால் தவளைக் கண் மாதிரி எழும். சஸ்பென்ஷனைச் சீர்செய்ய இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனி கைகொடுத்தது. அதன் முதலாளி காலின் சாப்மேனே ஜப்பான் விளம்பரத்தில் வந்து நின்றார். வெளிநாடுகளில் இதே காருக்கு சுப்ரா என்று பெயர். அமெரிக்காவில் அந்த எக்ஸ் எழுத்துக்கு வேறு அர்த்தம் இருந்ததால்தான் பெயரை மாற்றினார்கள் என்பார்கள். நம் ஊரில் மாருதி 800 முதல் சாவி கைமாறியது 1983 டிசம்பரில்; அது 796 சிசி. அதற்கே எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் இப்படி ஒரு வண்டியின் பக்கத்தில் நின்று ஒருவர் போட்டோ அனுப்பினால் தெரு முழுக்க அது சுற்றி வராமல் என்ன செய்யும்?

நான் பேட்டர்ன் ஷாப்பில் வேலை பார்த்தவன். வார்ப்புக்கு முன்னால் மரத்தில் உருவம் செய்கிற வேலை. வார்ப்பிரும்பு ஆறும்போது 100 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் சுருங்கும், எஃகு 2 வரைக்கும் சுருங்கும். அதற்கென்றே கொஞ்சம் நீட்டி வைத்த அளவுகோல் எங்களிடம் உண்டு. ஆகவே பெட்டியைத் திறந்ததும் எனக்கு எல்லாம் பழகிய முகமாகத் தெரிந்தது. உருகிய பிளாஸ்டிக் ஓடிய பாதைக்கு இதிலும் ரன்னர் என்றுதான் பெயர். பின்பக்கம் தடிப்பு இருக்கிற இடங்களில் முன்பக்கம் லேசாகக் குழிந்திருந்தது. அதுவும் சுருக்கம் செய்த வேலைதான். ஜப்பானில் ஷிசுவோகா என்ற ஊரில்தான் இந்தத் தொழிலின் பெரிய கம்பெனிகள் பலவும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான தாமியா 1946இல் மரக்கடையாகத் தொடங்கி, மர பொம்மைகள் செய்து, 1960இல்தான் பிளாஸ்டிக்குக்கு மாறியது. மரத்திலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் சொந்தம் கொண்டாடத் தோன்றியது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இந்த மாதிரி கிட் செய்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. பெட்டியில் இருப்பதை அப்படியே, சுத்தமாக, கோடு பிசகாமல் ஒட்டி முடிப்பவர்கள் ஒரு கட்சி. கிட்டை "மேம்படுத்துகிறவர்கள்" இன்னொரு கட்சி. இவர்கள் தனியாக விற்கிற பித்தளைத் தகடு, ரெசின் சக்கரம், பெரிய சைலன்சர் எல்லாம் வாங்கிச் சேர்த்து, ஷோரூமில்கூட இல்லாத பளபளப்பில் ஒரு காரை உண்டாக்கிவிடுவார்கள். நான் இரண்டிலும் சேரமாட்டேன். உலகத்தில் எங்கோ ஓடிய ஒரே ஒரு வண்டியைப் போல இதை ஆக்குவதற்குத்தான் திருத்தம் என்று பெயர். மற்றதெல்லாம் அலங்காரம். அலங்காரத்தில் தப்பில்லை, அதைத் திருத்தம் என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

வெர்னியரையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு போட்டோ முன்னால் உட்கார்ந்தேன். பெட்டிக்குள் இருந்தது ஜப்பான்காரர் ஓட்டிய கார். அண்ணன் பக்கத்தில் நிற்பது வேறு. முதலில் ஸ்டியரிங். ஜப்பானில் நம்மைப் போல வலது பக்கம். படத்தில் இடது பக்கம். அடுத்தது கண்ணாடி. ஜப்பானில் 1983 வரைக்கும் கதவில் கண்ணாடி வைக்க அனுமதி கிடையாது. முன் மட்கார்டின் மேல் குச்சி நட்டு வைப்பார்கள். கிட்டிலும் அப்படித்தான். படத்தில் கதவில் இருக்கிறது. மூன்றாவதாக, படத்தில் நாலு சக்கரத்துக்கு மேலும் புருவம் மாதிரி அகலமான விளிம்பு. அமெரிக்காவில் விற்ற ஒரு வகையில் அது இருந்தது. அகலமான டயருக்காகப் பொருத்தினார்கள். ஆக, அது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வண்டியாக இருக்கலாம்.

டேஷ்போர்டை மாற்றுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. நிஜக் காரின் அகலம் 1685 மில்லிமீட்டர். 24இல் வகுத்தால் 70 மில்லிமீட்டர். அதற்குள் இருக்கிற டேஷ்போர்டை ரம்பப் பிளேடால் மூன்றாக அறுத்தேன். நடுத்துண்டு அப்படியே. மீட்டர் இருக்கிற துண்டு இடது பக்கம் போக வேண்டும், சாமான் வைக்கிற பெட்டி வலது பக்கம் வர வேண்டும். கேட்கச் சுலபம். இரண்டின் ஓரச் சரிவும் ஒன்றுக்கொன்று எதிர். முதல் தடவை ஒட்டியதில் மீட்டர் கூரையைப் பார்த்தது. பிய்த்து எடுத்து, அரத்தால் ராவி, மறுபடி ஒட்டி, இடைவெளியைப் பட்டி போட்டு நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, மறுபடி பட்டி. பதினோரு நாள். ஒட்டிய பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதில் பாதிகூடத் தெரியவில்லை. அண்ணி வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பொறுமை உங்க அண்ணனுக்கு இருந்திருந்தா வீடே கட்டியிருப்பாரு தம்பி" என்றார்.

சக்கரப் புருவத்துக்குத் தயிர் டப்பா. யாராவது முயன்று பார்ப்பதாக இருந்தால் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கிற எண்ணைப் பாருங்கள். 6 என்றால் பாலிஸ்டைரின், கிட்டும் அதே பிளாஸ்டிக், பசையில் கரைந்து ஒன்றாகிவிடும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், எந்த ஜென்மத்திலும் ஒட்டாது. ரன்னர் மிச்சத்தைப் பொடியாக நறுக்கி அந்தப் பசையிலேயே ஊறப்போட்டால் அருமையான பட்டி கிடைக்கும். ஏரியல் கம்பிக்கும் கடைக்குப் போகவில்லை. ரன்னரை அகல் விளக்குச் சுடரில் காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி கனத்துக்குக் கம்பி வரும். எட்டில் ஒன்று தேறியது.

கை நடுங்குகிறது, மறைக்கவில்லை. இந்த அளவில் கை 1 மில்லிமீட்டர் விலகினால் நிஜத்தில் அது 24 மில்லிமீட்டர், ஓர் அங்குலம். மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்திக்கொண்டு மூச்சை விடும்போது வெட்டினால் ஓரளவு அடங்குகிறது. காலை காபிக்கு முன்னால் சரியாக வரும். பிறகு வராது.

பெயின்ட் அடிக்கிற சமயம் வந்தபோதுதான் சண்டையும் வந்தது.

அண்ணன் மகன் அந்தப் பழைய போட்டோவைச் செல்போனில் எடுத்து, ஏதோ ஒரு செயலியில் போட்டுப் "புதுசாக்கி" அனுப்பியிருந்தான். கார் செக்கச் செவேலென்று. அண்ணன் சட்டை ஆகாய நீலம். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தழும்பு போன இடம் தெரியவில்லை. ஒன்பது வயதில் உய்யக்கொண்டான் வாய்க்கால் படிக்கட்டில் விழுந்து தாடையில் வாங்கிய தழும்பு அது. நானும்தான் கூட இருந்தேன். குடும்பத்தில் எல்லாருக்கும் அந்தப் படம் போய்விட்டது; எல்லாரும் கைகூப்பினார்கள், இதயம் போட்டார்கள். "சித்தப்பா, கார் சிவப்பு. அப்படியே அடிச்சிடுங்க."

அந்தக் காலத்துக் கலர் பிரிண்டில் சாயம் ஒரே சீராக வெளுப்பதில்லை. பல பிரிண்டில் நீலம் கலந்த சாயம் முதலில் போய்விடும். மிஞ்சுவது செம்பழுப்பு. நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்கள் எல்லாம் செங்கல் நிறத்துக்குப் போனது இப்படித்தான். அந்தச் செம்பழுப்பைப் பார்த்துவிட்டு இயந்திரம் காரைச் சிவப்பு என்று ஊகித்துவிட்டது. நான் லென்ஸை வைத்துச் செய்தது ஒன்றுதான். அண்ணன் சட்டைக் காலரையும் பானெட்டையும் ஒப்பிட்டேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே சாயல். அந்தச் சட்டை எனக்குத் தெரியும். பெரிய கடை வீதியில் துணி எடுத்து, அவர் கிளம்புகிற வாரத்தில் தைத்த வெள்ளைச் சட்டை. சட்டை வெள்ளை என்றால் காரும் வெள்ளை.

பழைய படங்களை இயந்திரத்தில் கொடுத்துத் துலக்குவது இப்போது ஒரு மோஸ்தர் ஆகியிருக்கிறது. தாத்தாவுக்குக் கோட்டு வருகிறது, பாட்டிக்கு ரோஜா நிறக் கன்னம் வருகிறது. பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. தெரியாத இடத்தில் தெரிந்த மாதிரி வரைந்து வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அதுதான் சாட்சி. வாய்க்கால் படிக்கட்டு போய்விடும். பேட்டர்னில் ஓர் அளவு தெரியவில்லை என்றால் டிராயிங் ஆபீசுக்கு நடந்து போய்க் கேட்டுவிட்டு வருவோம். சுமாராக இருக்கும் என்று யாராவது செதுக்கினால் மேஸ்திரி அந்தக் கட்டையை அடுப்புக்கு அனுப்பிவிடுவார். என் கிட்டிலும் எனக்குத் தெரியாத இடங்கள் உண்டு. பின் கண்ணாடிக்கு மேலே வெயில் தடுப்புப் பலகை இருந்ததா என்று படத்தில் தெரியவில்லை. அந்த வகைக் காரில் அது கிடைத்தது. பார்க்கவும் எடுப்பாக இருந்திருக்கும். வைக்கவில்லை.

வெள்ளை அடிப்பதுதான் கஷ்டம். கொசு உட்கார்ந்தாலும் தெரியும். ஆடி மாசம் நம் ஊரில் காற்றைத் தவிர வேறு என்ன இருக்கிறது? காவேரி மணல் மொத்தமும் மாடிக்கு வந்துவிடும். ஐப்பசியில் அடித்தால் ஈரக் காற்றில் பெயின்ட் மேல் புகை படிந்த மாதிரி பூத்துப்போகும். கடைசியில் பங்குனியில், பொழுது விடிந்த அரை மணி நேரத்துக்குள், குளியலறையில் தரையை நனைத்துத் தூசியை அடக்கிவிட்டு அடித்தேன். மெல்லிசாக ஐந்து பூச்சு. பூச்சு பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடித்தால் நிஜக் காரில் அது 2.4 மில்லிமீட்டர், கதவு இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். தும்மல்தான் மிச்சம், வேலை நன்றாக வந்தது.

சிவப்பு விஷயத்தில் அண்ணன் மகன் அரைமனதாக இறங்கி வந்தான். அடுத்ததில் இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

போட்டோவில் ஒரு விளக்கு எழுந்திருக்கிறது, ஒரு விளக்கு படுத்திருக்கிறது. வருஷக்கணக்கில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. அண்ணன் முகத்தைத்தானே பார்ப்பார்கள். நான் கவனித்திருந்தேன், காரணமும் தெரியும். 1985இல் லீவில் வந்தபோது வாய்க்கால் கரையில் நடந்துகொண்டே அவரே சொன்னார். அது ஒரு சவூதிக்காரருடைய வண்டி. இடது விளக்கின் மோட்டார் எரிந்துபோய் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு மோட்டார். ஒன்று போனால் ஒன்று மட்டும் எழும். கழற்றிப் பார்ப்பதற்கு முன்னால், கூட வேலை பார்த்த மலையாளத்துக்காரர் கேமராவை எடுத்தாராம். ஓடிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கீழே பேன்ட்டைப் பாருங்கள், வேலைப் பேன்ட். பின் பாக்கெட்டிலிருந்து வேஸ்ட் துணி எட்டிப் பார்க்கிறது. "ஊர்ல என் வண்டின்னு நெனைச்சுக்கிட்டா நெனைச்சுக்கட்டும்டா. நீ ஒண்ணும் சொல்லிக்காத" என்றார். நான் சொல்லவில்லை. நாற்பது வருஷம்.

இப்போது பசைக் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு விளக்கையும் படுக்க வைத்து ஒட்டினால் அழகு. அண்ணன் மகனும் அதைத்தான் கேட்டான். "எல்லா போட்டோலயும் மூடித்தான் இருக்கு சித்தப்பா. ஒண்ணு மட்டும் தூக்கியிருந்தா ரிப்பேர் வண்டி மாதிரி இருக்கும்." ரிப்பேர் வண்டிதான் என்று சொல்ல வாய் வந்தது. அண்ணனுக்குக் கொடுத்த வார்த்தை நடுவில் நின்றது.

இரண்டு வாரம் விளக்கில்லாமல் மேஜை மேல் கிடந்தது கார். படத்தில் இருக்கிறபடி செய், காரணத்தைச் சொல்லாதே என்று ஒரு யோசனை. கேட்டால் என்ன சொல்வது? சொல்லாமலே சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று இன்னொரு யோசனை. இதிலெல்லாம் வீட்டுக்காரியிடம் கேட்கக்கூடாது; கேட்டேன். "நீங்க செய்றது காரா, உங்க அண்ணனா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

அந்த ஆள் எப்பேர்ப்பட்ட மெக்கானிக் என்று எனக்குத் தெரியும். சர்வீஸ் புத்தகம் கிடையாது. அந்த மாதிரி வண்டியை அதற்கு முன்னால் கண்ணால் பார்த்ததில்லை. எரிந்த மோட்டாரைக் கழற்றி, கம்பியைக் கையால் சுற்றி, மறுநாளே விளக்கை எழுப்பிவிட்டார். காரை வைத்திருப்பவன் பெட்ரோலும் சாவியும் வைத்திருந்தால் போதும். அதைச் சொல்லிக்கொள்ள அவருக்கு ஏன் கூச்சம் என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை. வலது விளக்கைத் தூக்கி, இடது விளக்கைப் படுக்க வைத்து ஒட்டினேன். பசை இறுகும்வரை கையை எடுக்கவில்லை.

எடுத்துக்கொண்டு போனபோது அண்ணி வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார். மேஜையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விளக்கில் விரலை வைக்கப் போய், உடைந்துவிடுமோ என்று இழுத்துக்கொண்டார்.

"ஒரு கண்ணு மட்டும் முழிச்சிருக்கே" என்றார்.

"படத்துல அப்படித்தான் அண்ணி இருக்கு."

"இருக்கும். அதைச் சரிபண்ணத்தானே வந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் காரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியாதா தம்பி? அவரு லைசென்ஸே அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் எடுத்தாரு. லெட்டர்ல எழுதியிருந்தாரே. பசங்க ஆசையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க, விட்டுட்டேன்."

பிறகு உள்ளே போய்க் காபி போட்டார். திரும்பி வந்து, வரப்போகிற நவராத்திரிக்குக் கொலுவில் பார்க் போடும்போது இதை நடுரோட்டில் வைக்கலாம் என்றார். செட்டியார் கடைக்கு எதிரில். அந்தச் செட்டியார் பொம்மையை எனக்குத் தெரியும். உட்கார்ந்த நிலையிலேயே காரின் கூரையைப்போல் இரண்டு மடங்கு உயரம். 24இல் ஒரு பங்கு என்று இத்தனை மாசம் நான் உயிரை விட்டிருக்கிறேன் என்று சொன்னேன். "அதனால என்ன, அவரு பெரிய ஆளு" என்றார். பையனிடம் விளக்கைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். இன்னும் பேசவில்லை என்று நினைக்கிறேன். நேற்றுகூடப் போன் செய்து, அந்த இன்னொரு விளக்கை எப்போது இறக்கப் போகிறீர்கள் என்று கேட்டான்.